இருளாயி கட்டிய கல்யாணத் தோரணம்

முன்னொரு காலத்தில், மான்கள் ஆறு தாண்டிப் பெண் கொடுத்துப் பெண் எடுத்த காலத்தில், ஓர் ஆற்றங்கரைத் தோப்பில் பெரிய மருதமரம் ஒன்று நின்றது. அந்த மரம் முழுக்க வௌவால்கள். பகலெல்லாம் கறுப்புக் காய் காய்த்ததுபோல் தொங்கிக்கொண்டிருக்கும். பொழுது சாய்ந்தால் பழம் தேடிக் கிளம்பிவிடும்.

அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான் இருளாயி. கெட்டிக்காரி. கட்டைவிரல் நகமும் பல்லும் போதும், எந்த நாரிலும் முடிச்சுப் போட்டுவிடுவாள். பிடிவாதமும் கொஞ்சம் உண்டு. பிறந்ததிலிருந்து தொங்கியபடியே உலகத்தைப் பார்த்தவள் அல்லவா? தன் கூட்டம்தான் நேராக இருக்கிறது, மற்ற எல்லோரும் தலைகீழ் என்று நினைத்திருந்தாள்.

"பாவம் இந்த மான்கள்! காலமெல்லாம் கூரையிலேயே நடக்குதுங்க. விழாம எப்படித்தான் நடக்குதோ!" என்று இரக்கப்படுவாள்.

பறக்கும்போதாவது தெரியாதா என்று கேட்கிறீர்களா? பசியோடு பறக்கிறவள் அத்திப்பழத்தைப் பார்ப்பாளா, ஆகாயம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்ப்பாளா?

ஒரு பங்குனி மாதம். தோப்பில் கொம்பையா என்ற புள்ளிமானின் மகளுக்குக் கல்யாணம் கூடிவந்தது. மாப்பிள்ளை ஆற்றுக்கு அக்கரை. தோப்பில் உள்ளவர்கள் எல்லோரும் மருதமரத்தடியில் கூடினார்கள். ஆளுக்கொரு வேலை பேசிக்கொண்டார்கள். முயல்கள் தரை கூட்ட வேண்டும். மைனாக்கள் பாட்டுப் படிக்க வேண்டும். எருமைகள் பாதை மிதித்து விட வேண்டும்.

அப்போது சடைச்சி என்ற மந்தி எழுந்தாள். புன்னைமரத்தில் இடம் பற்றாமல் இடிபட்டுக் கிடக்கும் குரங்குக் கூட்டத்துக்கு அவள்தான் தலைவி. ரொம்ப நாளாகவே அவளுக்கு மருதமரத்தின் மேல் ஒரு கண்.

"எல்லாரும் வேலை செய்றோம். இந்த வௌவால் கூட்டம் என்ன செய்யுது?" என்று மேலே கை நீட்டினாள். "தின்னுட்டுக் கொட்டையை நம்ம தலையில துப்புது! அவங்க வீட்டுக்கு விருந்துக்குப் போனா என்ன கிடைக்கும்? நீயும் தொங்கு, நானும் தொங்கு! இவங்களுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய மரம்? கல்யாணத்தோட கிளப்பி விடுங்க. எங்க பிள்ளைங்களாவது நல்லா இருக்கட்டும்!"

கூட்டம் சிரித்தது. சில பேர் தலையையும் ஆட்டினார்கள். "அவ சொல்றதும் நியாயந்தானே!"

வௌவால்கள் நடுங்கிப் போயின. அது குட்டி போட்டிருக்கும் காலம். தாய்மாருடைய வயிற்றில் குட்டிகள் ஒட்டிக்கிடந்தன. குட்டியைச் சுமந்துகொண்டு எந்தக் காட்டில் மரம் தேடுவது?

இருளாயி சிறகை விரித்து ஒரு உதறு உதறினாள்.

"தோரணம் நாங்க கட்டுறோம்!"

எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"தோரணமா?" என்றார் கொம்பையா. "அது சும்மா இல்ல, இருளாயி. மாப்பிள்ளை வீட்டார் ஆத்துல இறங்கினதும் முதல்ல கண்ணுல படறது அதுதான். தென்னங்குருத்து ஓலையில குருவி மடிச்சு வரிசையாத் தொங்கவிடணும். குருவிக்குத் தலை மேலே, வால் கீழே. அதுதான் கல்யாணத் தோரணம். தலை கீழே போச்சுன்னா அது சாவு வீட்டுத் தோரணம். ஞாபகம் இருக்கட்டும்!"

"தலை மேலே, வால் கீழே. இது ஒரு வித்தையா மாமா?"

"கெட்டுப்போனா?" என்று இடைமறித்தாள் சடைச்சி.

"கெட்டுப்போனா அன்னைக்கே மரத்தை விட்டுப் போயிடுறோம். நல்லா இருந்தா, அப்புறம் ஒருத்தரும் எங்களைப் பார்த்து எழும்புன்னு சொல்லக் கூடாது!"

"சரி, பேச்சுப் பேச்சா இருக்கட்டும்" என்றாள் சடைச்சி. வாய்க்குள் சிரித்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து இருளாயி பகல் தூக்கத்தை விட்டாள். தோப்பின் ஓரத்தில் ஒற்றைத் தென்னை ஒன்று நின்றது. அதன் உச்சிக்குப் போய், இன்னும் விரியாத வெளிறிய குருத்தைப் பல்லால் கடித்துக் கொண்டுவந்தாள். ஈர்க்கை உருவி எறிந்தாள். ஓலையை நகத்தால் கீறினாள். இப்படி ஒரு மடிப்பு, அப்படி ஒரு மடிப்பு, உள்ளே ஒரு சொருகல். வால் வந்துவிட்டது. ஆனால் கழுத்து நிற்கவில்லை. பிரித்தாள். மறுபடி மடித்தாள். ஓலை கிழிந்தது. எறிந்தாள். வேறு ஓலை எடுத்தாள்.

"கொஞ்சம் கண்ணை மூடுடி" என்றது பக்கத்துக் கிளை வௌவால். "உன் கண்ணு கோவைப்பழம் மாதிரி ஆயிடுச்சு."

"மரம் நம்ம கையில நிக்கட்டும். அப்புறம் ஒரேயடியாத் தூங்குறேன்" என்றாள் இருளாயி.

கடைசியில் குருவி வந்தது. கூர்மையான மூக்கு, விரித்த சிறகு, பிளந்த வால்! ஒன்று வந்ததும் அடுத்தது வேகமாக வந்தது. ஒவ்வொரு குருவியையும் ஓலையின் ஒரு முனையில் முடிச்சுப் போட்டு, நீளமான சீந்தில் கொடியில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டே போனாள். கட்டும்போதெல்லாம் வாய் முணுமுணுக்கும். "தலை மேலே, வால் கீழே. தலை மேலே, வால் கீழே."

மரத்தடிப் பள்ளத்தில் கொஞ்சம் தண்ணீர் தேங்கியிருந்தது. அதில் மழையாண்டி என்ற தவளை குடியிருந்தான். வேலை வெட்டி இல்லாதவன். நாள் முழுக்க மல்லாந்து பார்த்துக்கொண்டிருந்த அவன் ஒரு நாள் வாயைத் திறந்தான்.

"ஏ இருளாயி! குருவி அழகாத்தான் இருக்கு. ஆனா எல்லாம் தலைகுப்புறக் கிணத்துல விழற மாதிரியில்ல இருக்கு!"

"நீதான் தலைகீழாக் கெடக்குறே. உனக்கு அப்படித்தான் தெரியும்!"

"நானா தலைகீழ்? நல்லா இருக்கு கதை! ஒரு தடவை இறங்கி வந்து நான் இருக்கிற இடத்துல நின்னு பாரு!"

"தரையில இறங்குனா வௌவாலால எழும்பிப் பறக்க முடியாதுன்னு தெரிஞ்சுதானே கூப்பிடுறே? எனக்குக் கண்ணு இருக்கு. சேத்துல கிடக்கிறவன்கிட்டக் கடன் வாங்க வேண்டியதில்ல!"

"எனக்கென்னத்தா! தவளை சொல்லை யாரு கேட்டா?" என்று மழையாண்டி தண்ணீருக்குள் முங்கிவிட்டான்.

கல்யாண நாள் விடிந்தது. மான்கள் எல்லோரும் தோப்புக்குள்ளே பந்தல் வேலையில் மும்முரமாக இருந்தார்கள். இருளாயியும் அவள் கூட்டமும் கொடியின் ஒரு முனையை மருதமரத்திலும் மறுமுனையை எதிரே நின்ற நாவல்மரத்திலும் கட்டினார்கள். ஆற்றைப் பார்த்துத் தோரணம் விரிந்தது. காற்றில் குருவிகள் படபடத்தன. ஓரக் கிளையில் தொங்கிக்கொண்டு இருளாயி பார்த்தாள். அத்தனை தலையும் மேலே. அத்தனை வாலும் கீழே. அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அக்கரையில் மாப்பிள்ளை வீட்டார் ஆற்றில் இறங்கினார்கள். முன்னால் வந்தவள் உடையாச்சி. மாப்பிள்ளைக்கு அத்தை. அந்த வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். வாயில் அருகம்புல் கட்டோடு, கழுத்தை நிமிர்த்திக்கொண்டு வந்தவள், ஆற்று நடுவில் இருந்த மணல்திட்டில் ஏறினாள். தோரணத்தைப் பார்த்தாள்.

புல்கட்டு பொத்தென்று விழுந்தது.

"ஐயோ! கெட்டோமே!" என்று முன்னங்கால் இரண்டையும் மடித்து மணலில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் ராகம் எடுத்துவிட்டாள்.

"ஆறு கடந்து வந்தேனே, அருகம்புல்லு கொண்டாந்தேனே!
வாங்கன்னு கூப்பிட வாயில்லாமப் போனீரே!
பொண்ணைக் கரையேத்தும் முன்னே, எங்க கொம்பையா அண்ணே, கண்ணை மூடிப் போனீரே!"

கூட வந்த பெண்மான்களும் சுற்றி உட்கார்ந்து கூடச் சேர்ந்து பாடின. மாப்பிள்ளைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவனும் ஓரமாக நின்று மூக்கை உறிஞ்சினான்.

சத்தம் கேட்டுப் பந்தலிலிருந்து கொம்பையா ஓடி வந்தார். "என்ன, என்ன? யாரு போயிட்டா?"

"நீங்கதான் அண்ணே!" என்று கண்ணைத் துடைத்த உடையாச்சி, அப்படியே வாயைப் பிளந்தாள். "நீங்க... நிக்கிறீங்க?"

"நிக்காம? காலையில தழை தின்னுட்டுக் கல்லு மாதிரி இருக்கேன்!"

"அப்போ மதினியா?"

"அவ வாசல்ல குளம்பால கோலம் போட்டுட்டு இருக்கா!"

"பின்னே இது என்ன கோலம்?" என்று உடையாச்சி தோரணத்தைக் காட்டினாள். கொம்பையா திரும்பிப் பார்த்தார். குருவிகள் அத்தனையும் தலைகீழாகத் தொங்கின. அவர் முகம் செத்துவிட்டது.

"ஒரு சொல்லுச் சொல்றேன் அண்ணே, கேட்டுக்கங்க" என்றாள் உடையாச்சி. அழுகை போய்க் கோபம் வந்திருந்தது. "சாவுத் தோரணத்துக்குக் கீழே என் மருமகனை நடத்திக் கூட்டிட்டு வர மாட்டேன். மருதமர நிழல் இந்தத் திட்டு மேல இருக்கிற வரைக்கும்தான் முகூர்த்தம். நிழல் நகர்ந்துச்சுன்னா நாங்களும் நகர்ந்துருவோம்!"

"அறுத்து எறியுங்க அதை!" என்று சடைச்சி மரத்தில் குதித்தாள். "அறுத்த கையோட அந்தக் கூட்டத்தையும் விரட்டுங்க!"

"அறுக்கிறதா?" என்று உடையாச்சி காதை விறைத்தாள். "தாலி ஏறுறதுக்கு முந்தி கட்டின தோரணத்தை அறுக்கிறதும் ஒண்ணு, இறக்குறதும் ஒண்ணு. இதைவிடக் கெட்ட சகுனம் வேற வேணுமா?"

எல்லோருடைய கண்ணும் இருளாயியின் மேல் விழுந்தது.

அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மறுபடி பார்த்தாள். தலை மேலேதான் இருக்கிறது! வால் கீழேதான் இருக்கிறது! "இத்தனை பேருக்கும் ஒரே நேரத்துல கண்ணு கெட்டுப்போச்சா?" என்று கத்தலாம்போல் வந்தது. கத்தினால் யார் கேட்பார்கள்? பக்கத்துக் கிளையில் ஒரு குட்டி தாயின் வயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தது.

கீழே பள்ளத்திலிருந்து மழையாண்டி தலையை நீட்டினான். இந்த முறை அவன் சிரிக்கவில்லை. "இப்பவாவது இறங்கி வர்றியா, இல்லையா?"

இருளாயி கிளையைப் பற்றியிருந்த கால் நகத்தைத் தளர்த்தினாள்.

"அடியே, வேணாம்!" என்று அலறியது பக்கத்து வௌவால். "விழுந்தா எழும்ப முடியாது! கீரி கண்டா ஒரே வாய்!"

"மரம் போனா மட்டும் எங்கே போய் எழும்புறது?" என்று சொல்லி, இருளாயி காலை விட்டாள்.

தொப்பென்று மணலில் விழுந்தாள். சிறகெல்லாம் புழுதி. வயிறு தரையில் அழுந்திக் கிடந்தது. மெல்லத் தலையைத் தூக்கினாள்.

வானம் மேலே இருந்தது!

மான்கள் கூரையில் நடக்கவில்லை. நாலு காலையும் ஊன்றித் தரையில் நின்றன. மரம் கீழேயிருந்து மேலே போனது. அந்த மரத்தில் அவள் சொந்தக்காரர்கள் எல்லோரும், ஒருவர் பாக்கியில்லாமல், தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் அவள் கட்டிய தோரணம். அத்தனை குருவிகளும் மூக்குக் குத்தி மண்ணில் விழுவதுபோல் இருந்தன.

"ஆத்தாடி!" என்றாள் இருளாயி. "எனக்கே அழுகை வருதே!"

"அதைத்தான் நான் அன்னைக்கே சொன்னேன்" என்றான் மழையாண்டி.

"சொன்னே. நான்தான் கேட்கலை. திட்டுறதை அப்புறம் வச்சுக்குவோம், மழையாண்டி. இப்போ உன் கண்ணு எனக்கு வேணும். இங்கேயே இருந்து பார்த்துச் சொல்றியா?"

தவளையின் கன்னம் உப்பியது. பிறந்ததிலிருந்து அவனிடம் யாரும் இப்படி ஒன்று கேட்டதில்லை. "சொல்றேன் சொல்றேன்! நீ மேலே போ!"

மேலே போவது என்ன லேசா? நகத்தை மணலில் ஊன்றி ஊன்றி உடம்பை இழுத்தாள். சடைச்சியின் கூட்டம் கைகொட்டிச் சிரித்தது. "ஏ, நடக்குதுடா! வௌவால் நடக்குதுடா!" இருளாயி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மரத்தடியைத் தொட்டாள். பட்டையைக் கவ்வினாள். ஒரு நகம் பெயர்ந்தது. ஏறினாள். சறுக்கினாள். மறுபடி ஏறினாள். ஒரு கிளை உயரம் வந்ததும் சிறகை விரித்துத் தோரணக் கொடிக்குப் பாய்ந்தாள்.

"எல்லாரும் எழும்புங்க! குட்டியோட இருக்கிறவங்களும் வாங்க! கொடியை அறுக்கவும் வேணாம், இறக்கவும் வேணாம். அது பாட்டுக்கு இருக்கட்டும். ஆளுக்கொரு ஓலையா முடிச்சை அவிழ்த்து, மறுமுனையில திருப்பிக் கட்டுங்க!"

வௌவால்கள் பகல் வெளிச்சத்தில் கண் கூசிக்கொண்டு வந்து கொடியில் வரிசையாகத் தொங்கின. ஒன்று ஓலையைத் திருப்பிக் கட்டிவிட்டு முகத்தைச் சுளித்தது. "இருளாயி, இப்போ தலைகீழா இருக்குதே!"

"இருக்கட்டும்! நம்ம கண்ணுக்கு எது கோணலாத் தெரியுதோ, இன்னைக்கு அதுதான் நேர்! கட்டு!"

சொல்வது சுலபம். பழகிய கண் விடுமா? ஒரு வௌவால் தன்னை அறியாமல் பழையபடியே கட்டிவிட்டது. கீழேயிருந்து மழையாண்டி கத்தினான்.

"ஏ! நாவல்மரத்துப் பக்கம், கடைசி ஆளு! மறுபடியும் சாவு வீடு! திருப்பு, திருப்பு! நடுவுல இருக்கிறவளே, நல்லா இருக்கு! உன் குருவி கல்யாணத்துக்கே கிளம்பிருச்சு!"

நிழல் மணல்திட்டின் ஓரத்துக்கு வந்துவிட்டது. உடையாச்சி எழுந்து புல்கட்டை வாயில் எடுத்தாள். "போதும். வாங்க போவோம்" என்று கூட்டத்தைத் திருப்பினாள். மாப்பிள்ளை ஒரு காலைத் தண்ணீரில் வைத்தான். கொம்பையா கண்ணை மூடிக்கொண்டார்.

ஒரே ஒரு ஓலை பாக்கி. அது இருளாயியின் ஓலை. நகம் பெயர்ந்த விரலால் முடிச்சு அவிழவில்லை. பல்லால் கடித்தாள். அவிழ்ந்தது. திருப்பினாள். அவள் கண்ணுக்குக் குருவி தலைகுப்புறத் தொங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே முடிச்சுப் போட்டாள்.

"நேர்!" என்று மழையாண்டி தொண்டை கிழியக் கத்தினான். "எல்லாம் நேர்! ஏ அக்கரைச் சனங்களே, திரும்பிப் பாருங்க!"

உடையாச்சி திரும்பினாள். வெயில் பட்டு மினுங்கிய குருத்தோலையில் அத்தனை குருவிகளும் மூக்கை நிமிர்த்தி, சிறகை விரித்து வானத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தன. நிழலின் நுனி இன்னும் அவள் குளம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"அட!" என்றாள். புல்கட்டு மறுபடியும் விழுந்தது. "இதைத்தான் மொதல்லயே கட்டியிருக்கக் கூடாதா? என் ஒப்பாரி ஒண்ணு வீணாப் போச்சே! மைனா எங்கே? பாடச் சொல்லு! நடடா மருமகனே!"

கல்யாணம் நடந்தது. பந்தலில் இளந்தழை விருந்து. எல்லோரும் தின்று ஏப்பம் விட்டபோது சடைச்சி எழுந்தாள்.

"கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுது, சந்தோசம். ஆனா பேச்சு பேச்சுதானே? கெட்டுப்போனா மரத்தை விடுறேன்னு சொன்னவ அவதான்!"

"ஆமா, சொன்னேன்" என்றாள் இருளாயி. "முதல்ல கட்டினது கெட்டதுதான். போன்னு சொன்னா போறோம், மாமா."

கொம்பையா தோரணத்தை அண்ணாந்து பார்த்தார். "கல்யாணம் என்னுது. கெட்டுச்சா கெடலையான்னு நான்தான் சொல்லணும். கெடலை! 'தலை மேலே'ன்னு சொல்லி அனுப்பினேனே, தொங்குறவளுக்கு எது மேலேன்னு நான் நினைச்சுப் பார்த்தேனா? அவ எங்க இடத்துக்கு விழுந்து எழுந்து வந்து பார்த்தா. மரம் அவங்களோடது. முடிஞ்சுது பேச்சு!"

வௌவால் கூட்டம் படபடவென்று சிறகடித்தது. சடைச்சி முகத்தைத் தொங்கப்போட்டாள். அவள் மடியில் இரண்டு குட்டிகள் இடம் போதாமல் நெருக்கிக்கொண்டு உறங்கின. இருளாயி அதையும் பார்த்தாள்.

"ஏ சடைச்சி! பொழுது சாஞ்சா நாங்க இரை தேடப் போயிருவோம். விடியிறவரைக்கும் எங்க கிளை எல்லாம் சும்மாதான் கிடக்கு. உங்க பிள்ளைங்களைக் கொண்டாந்து தூங்கவை. விடிஞ்சதும் எழுப்பிக் கூட்டிட்டுப் போ."

வெயில் தாழ்ந்தபோது புன்னைமரத்திலிருந்து குரங்குகள் ஒவ்வொன்றாக மருதமரத்துக்குத் தாவுவதை எல்லோரும் பார்த்தார்கள்.

மாப்பிள்ளையும் பெண்ணும் முன்னால் போனார்கள். விருந்தாளிகள் ஒவ்வொருவராக ஆற்றில் இறங்கினார்கள். மழையாண்டி கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய்ப் பள்ளத்துக்குள் படுத்துவிட்டான். கடைசியாகத் தோரணத்தடியில் நின்றவள் உடையாச்சி. ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள். பிறகு என்ன தோன்றியதோ, கழுத்தை வளைத்து, முன்னங்கால்களுக்கு நடுவே தலையை விட்டு, தலைகீழாக ஒருமுறை பார்த்தாள்.

"ஆத்தாடி!" என்றாள். "இருளாயி, உன் பக்கமிருந்து பார்த்தா இப்பவும் எனக்கு ஒப்பாரிதான் வருது!"

இருளாயி கிளையில் தொங்கிக்கொண்டே சிரித்தாள். உடையாச்சியும் சிரித்துக்கொண்டே தண்ணீரில் இறங்கி, திட்டு ஏறி, அக்கரைப் புதருக்குள் நடந்து மறைந்தாள்.

செய்கிறவர் கண்ணுக்கு நேராகத் தெரிந்தால் போதாது. பார்க்கிறவர் நிற்கும் இடத்துக்கும் ஒருமுறை இறங்கிப் போய்ப் பார்த்தால்தான் வேலை நேராகும்.